ஆளுக்கொரு வக்கீல்

"வாயை மூடு" என்றாள் நாத்தனார்.

தையல்காரி இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. கதவைத் தள்ளி ஒரு காலை மட்டும்தான் உள்ளே வைத்திருந்தாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே அண்ணி."

"சொல்லப் போற. மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. அங்கேயே நில்லு. உட்கார வேண்டாம்."

உட்காரச் சொல்லியிருந்தாலும் உட்கார இடமில்லை. வக்கீல் நாத்தனாரின் அறையில் இருந்தவை இரண்டே நாற்காலிகள். ஒன்றில் கட்டுக் கட்டாய்க் கோப்புகள். இன்னொன்றில் மாமியார், அழுது அழுது வீங்கிய மூக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் கறுப்புக் கவுன் தொங்கியது. தையல்காரியின் கண் தானாகவே அதன் ஓரத்துக்குப் போனது. போன வாரம் அவளே மடித்துத் தைத்த ஓரம். அந்தக் கவுனை வெளுக்கவும் தைக்கவும் கடைக்கு ஆளைத்தான் அனுப்புவாள் நாத்தனார். தம்பி பெண்டாட்டி நிற்கிற கடைக்குத் தான் வந்து நின்றால் கௌரவம் என்னாவது?

அந்த லாண்டரி நாத்தனாரின் அப்பா தொடங்கியது. பிய்ந்த பையையும் அறுந்த பொத்தானையும் சரிசெய்ய அங்கே வேலைக்கு வந்தவள்தான் இவள். முதலாளியின் மகனோடு சேர்ந்து சிரித்துச் சிரித்தே கல்யாணம் வரைக்கும் போய்விட்டாள். 'ஊசி முனையில நுழைஞ்சு கடையையே வளைச்சுப் போட்டவ' என்று நாத்தனார் அன்றைக்குச் சொன்னது இன்னும் அழியவில்லை. இந்த வீட்டில் யாருக்கும் அவள் பேர் தேவைப்படவும் இல்லை. தையக்காரி என்றால் போதும்.

நேற்று மதியம் கடைக்குள் சாதாரண உடையில் போலீஸ்காரர்கள் நுழைந்தார்கள். துணி போட வந்தவர்கள் என்று நினைத்து, "ரசீது இருக்கா?" என்று கேட்டவள் இவள்தான். அவர்கள் கோட்டுகளை எல்லாம் உதறினார்கள். இயந்திரத்தின் கதவைத் திறந்தார்கள். கடைசியில் தையல் மேசைக்குக் கீழே இருந்த பொத்தான் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். பொத்தான்கள் தரையெங்கும் உருண்டன. அவற்றோடு தட்டையான ஒரு பொட்டலமும் விழுந்தது. உள்ளே வெள்ளைப் பொடி.

"இது யாரோடது?"

அவள் உதடு பிரிவதற்குள் பின்னால் இருந்து குரல் வந்தது.

"என்னோடது."

கையில் இஸ்திரிப் பெட்டியோடு அவள் கணவன் நின்றிருந்தான். பெட்டியை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமலே வைத்தான். அவனை அழைத்துப் போன பிறகும் யாரோ ஒருவருடைய சட்டை முதுகு கருகிக்கொண்டிருந்தது.

அதை எல்லாம் சொல்லத்தான் இப்போது வந்திருந்தாள். போதைப்பொருள் வழக்குகளில் ஊரே தேடி வருகிற வக்கீல் வீட்டிலேயே இருக்கும்போது வேறு எங்கே போவது?

"அண்ணி, அந்த டப்பா..."

"வாயை மூடுன்னேன்ல." நாத்தனார் எழுந்தே விட்டாள். "நல்லா காதைத் திறந்து கேட்டுக்கோ. அவனுக்கு நான் வக்கீல். காலைல வக்காலத்துல கையெழுத்து வாங்கியாச்சு. உனக்கு நான் யாரும் இல்ல."

"அது தெரிஞ்சதுதானே. எப்பவும் யாரும் இல்லதான்."

"நக்கலை உன் கடையில வச்சுக்கோ. நீ இங்க என்ன சொன்னாலும், அது அவனுக்கு உபயோகப்படும்னா, எடுத்து உன் கழுத்துல கட்டுவேன். கட்டித்தான் ஆகணும், அதுக்குத்தான் வக்கீல். அந்த டப்பா யாரோடதுன்னு எனக்குத் தெரியும். அதுவே போதும். மிச்சத்தை உனக்குன்னு ஒரு வக்கீலைப் பிடிச்சு அவர் காதுல போடு."

மாமியார் தலைப்பை இறக்கினாள். "ஒரு வீட்டுக்கு எதுக்குடி ரெண்டு வக்கீலு? இவளே போயி அது என்னோடதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. பொம்பளைன்னா கொஞ்சம் இரக்கப்படுவாங்க."

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். "அத்தை, இரக்கப்பட்டு என்ன பண்ணுவாங்க? ஜன்னல் வச்ச அறையா குடுப்பாங்க?"

"பாத்தியாடி, எப்படிப் பேசுறா! என் பிள்ளை உள்ள கிடக்கான், இவளுக்கு வாய்!"

"உன் பிள்ளை அவன் வாயாலதாம்மா உள்ள கிடக்கான்" என்றாள் நாத்தனார். "நீயும் மூடு." பிறகு கதவைக் காட்டினாள். "கோர்ட்டுக்குப் பின்னால இலவச சட்ட உதவி ஆபீஸ் இருக்கு. தும்மல் வக்கீல்னு கேளு, காட்டுவாங்க."

"உங்க தம்பிக்கு நீங்க. எனக்கு தும்மலா?"

"அந்த ஆளுகிட்ட நான் தோத்திருக்கேன். போதுமா? மனசு குளிர்ந்துச்சா? கிளம்பு."

தையல்காரி கோபத்தோடு படியில் இறங்கினாள். நாத்தனார் இத்தனை வருஷம் சேர்த்து வைத்த வஞ்சத்தை ஒரே மூச்சில் தீர்த்துவிட்டாள் என்றே தோன்றியது. தெருவில் ஒரு கார் ஒலி எழுப்பியதற்கு, "போய்யா" என்று கத்தினாள். கார்க்காரர் பயந்தே போனார்.

*

தும்மல் வக்கீலைத் தேட வேண்டியிருக்கவில்லை. வராந்தா முழுக்க அவர் தும்மல் கேட்டது. பழைய கோப்புகளின் தூசி அவருக்கு ஆகாது. ஆனால் அந்தத் தூசியில்தான் அவருடைய பிழைப்பு. மேசைமேல் ஒரு துவாலையே வைத்திருந்தார், கைக்குட்டை எல்லாம் கட்டுப்படியாகாது என்று.

"உட்காருங்கம்மா. லாண்டரிக்காரங்கதானே? உங்க நாத்தனார் உங்களை வாசல்லயே நிறுத்திட்டாங்களா?"

"அதுக்குள்ள சொல்லிட்டாங்களா?"

"அவங்க எதுக்குச் சொல்றாங்க. சொன்னா அது தப்பு. உங்க முகம் சொல்லுது. நிறுத்தினது நல்லதா போச்சு. உள்ள விட்டிருந்தா நீங்க மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டியிருப்பீங்க. அவங்க அதை வச்சே தம்பியை வெளிய கொண்டு வந்திருப்பாங்க. உங்களுக்குன்னு பேச ஒரு வார்த்தை மிஞ்சியிருக்காது."

தையல்காரிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்ப என் மேல அக்கறைன்னு சொல்றீங்களா?"

"அக்கறையா? சேச்சே." அவர் துவாலையால் மூக்கைத் துடைத்தார். "உங்களைக் கண்டா அவங்களுக்கு ஆகாது. கோர்ட் கேன்டீன்ல டீ ஆத்துறவருக்குக்கூட தெரியும். இது தொழில்மா. ஒரே வக்கீல் ரெண்டு பேருக்கும் நின்னா யாராவது ஒருத்தர் முதுகுல குத்து விழும். இப்ப சொல்லுங்க. நீங்க சொல்றது இந்த மேசையைத் தாண்டாது."

அவள் சொன்னாள்.

லாண்டரியில் துணியை இயந்திரத்தில் போடும் முன் பைகளைத் துழாவுவார்கள். சாவி, பேனா, பேருந்துச் சீட்டு, பல் குத்தும் குச்சி. கிடைப்பதைக் கல்லா மேசையில் இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வைத்து, துணி வாங்க வருகிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். மாமனார் காலத்து வழக்கம். ஒரு தடவை ஒருவருடைய கோட்டுப் பையில் ஒற்றைக் காதணி கிடைத்தது. துணி வாங்க வந்தவர் அவர் மனைவி. "இது உங்களோடதுதானே?" என்று தையல்காரி வெள்ளந்தியாக நீட்டினாள். அந்த அம்மாள் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் காதில் இருந்தவை வேறு. துணியை வாங்காமலே போனாள். அந்தத் தம்பதி அதற்குப் பிறகு சேர்ந்து அந்தப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து அவளாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். வீட்டில் சண்டை மூட்டக்கூடியது எது கிடைத்தாலும் கண்ணாடிக் கிண்ணத்துக்குப் போகாது. பொத்தான் டப்பாவில் பொத்தான்களுக்கு அடியில் போகும். உரியவர் தனியாக வரும்போது பின்கதவுப் பக்கம் கூப்பிட்டு, காதோடு காதாகச் சொல்லிக் கையில் திணித்துவிடுவாள். ரகசியமாக இரண்டாவது கைப்பேசி வாங்கின பில், தலைமுடிச் சாயத்தின் ரசீது, கருத்தரிப்பு மருத்துவமனையின் அட்டை. எத்தனை வீடுகளை அந்த டப்பா காப்பாற்றியது என்று அவளுக்கே கணக்கில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"சொல்லல. அவர் வாயில எதுவும் நிக்காது சார். நல்ல மனுஷன்தான். ஆனா துணி வாங்க வர்றவங்களைப் பார்த்து, 'என்ன சார், முடிக்கு டை போடுறீங்களாமே' அப்படின்னு ஆரம்பிச்சிடுவார்."

"இந்தப் பொட்டலம்?"

"சாம்பல் கோட்டு போட்டுட்டு ஒரு பையன் வருவான். கோட்டை அவன் போடுவான், வாங்க அவங்க அம்மா வருவாங்க. பையில ஓட்டை. பொட்டலம் ஓட்டை வழியா லைனிங்குக்குள்ள இறங்கியிருந்துச்சு. பிரிச்சு எடுத்தேன். ஏதோ மருந்து, அம்மாவுக்குத் தெரியாம சாப்பிடுறான்னு நினைச்சேன்."

அந்தப் பையனைத்தான் போலீஸ் பின்தொடர்ந்திருக்கிறது என்றார் வக்கீல். கோட்டுப் பையில் வைத்துக் கடையில் போடுவது, இன்னொருவர் வந்து வாங்கிப் போவது. கைமாற்றுகிற இடமே இந்த லாண்டரிதான் என்பது அவர்கள் கட்சி.

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

அவள் மேசைமேல் இருந்த துவாலையைப் பார்த்தாள்.

"என்கிட்ட மறைச்சா பிரயோசனம் இல்லம்மா."

"முகர்ந்து பார்த்தேன்."

"சந்தேகம் வந்துச்சா?"

வக்கீலுக்குத் தும்மல்கூட வரவில்லை.

"வந்துச்சு" என்றாள். "ஒரு நிமிஷம் வந்துச்சு. தூக்கிக் குப்பையில போட்டுடலாம்னு நினைச்சேன். அப்புறம், அடுத்தவங்க பொருளாச்சே, அந்தம்மா நல்லவங்களாச்சேன்னு... மூடி வச்சிட்டேன்."

"அந்த ஒரு நிமிஷம்தான்மா உங்க கேஸு. சந்தேகப்படுறது வேற, தெரிஞ்சே வச்சிருக்கிறது வேற. ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழ இடம் இருக்கு. அதுலதான் உங்களை நான் நிக்க வைக்கணும்."

பிறகு நேராகவே சொன்னார். அவள் வாயைத் திறக்காவிட்டால் கணவன் சொன்னதே நிற்கும், அவன் உள்ளே இருப்பான். திறந்தால் அவன் வெளியே வருவான், இவளை உள்ளே அனுப்ப அரசு வக்கீல் முயற்சி செய்வார். கோட்டைப் போலீஸ் எடுத்துப் போயிருக்கிறது. லைனிங்கைச் சோதித்துப் பொடியின் துகள் அகப்பட்டால் நல்லது. அகப்படாவிட்டால் அவள் சொல் மட்டும்தான்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவரைப் போய்ப் பாருங்க. ஆனா கேஸைப் பத்தி மூச்சு விடக்கூடாது. அங்க பேசுறதெல்லாம் பதிவாகும்."

"அப்புறம் என்னத்தைப் பேசுறது?"

"புருஷன் பொண்டாட்டிக்குப் பேசவா விஷயம் இல்ல?" என்று கேட்டுவிட்டு, அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துத் தும்மினார்.

*

சிறையின் பார்வையாளர் அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். சட்டை கசங்கிச் சுருண்டிருந்தது. வீட்டில் தூங்கப் போகும்போது போடுகிற பனியனைக்கூட இஸ்திரி போடுகிறவன். பேசுகிற ரிசீவரை எடுத்தாள்.

"சாப்பிட்டியா?" என்றான் அவன்.

"நீங்க?"

"ம். வாய்க்குள்ள போகுது." சிரிக்கப் பார்த்தான். "கடையைத் திறந்தியா? அந்தச் சட்டைக்காரர் வந்தாரா, முதுகு கருகினது?"

"வந்தார். முதுகைப் பார்த்துட்டு ஒரு பாட்டம் திட்டிட்டுப் போனார். அதை விடுங்க. அண்ணி சொல்றதைக் கேக்க மாட்டேங்கறீங்களாம். சொன்னதை மாத்த மாட்டேங்கறீங்களாம்."

"நான் பார்த்துக்கறேன். நீ எதுலயும் தலையிடாதே. வாயே திறக்காதே." குரலைத் தாழ்த்தினான். "நடந்தது நடந்துபோச்சு. எனக்குக் கோபம் இல்ல."

அவள் நிமிர்ந்தாள். "எதுக்குக் கோபம்?"

"விடு."

"எதுக்குக் கோபம் இல்லன்னு சொல்றீங்க?"

"எனக்குக் கண் இல்லையா?" அவனுக்கு அடக்க முடியவில்லை. எப்போது முடிந்தது? "நான் வந்தா டப்பாவை மூடுறே. பின்கதவுல யார் யாரோ வந்து நிக்கிறாங்க. கிசுகிசுன்னு பேசி என்னமோ கையில குடுக்கிறே. கஷ்டம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? இப்படி ஒரு தொழில்ல இறங்கணுமா? சரி, போகட்டும். உன்னைக் காப்பாத்துறது என் கடமை. நான் உள்ள இருந்துக்கறேன்."

என்னோடது என்று அவன் சொன்ன அந்த ஒரு சொல்லை நேற்றிலிருந்து அவள் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தாள். ராத்திரி முழுக்க அதுதான் துணை. எனக்காக இப்படி ஒருவன் நிற்கிறானே என்று அழுகைக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சொல்லுக்குள் இருந்தது இதுதானா?

"நான் வித்தேன்னு நினைச்சியா நீ?"

அவளுக்கே தெரியாமல் 'நீங்க' போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக.

அவன் கண்ணைத் தாழ்த்தினான்.

"இத்தனை வருஷம் பக்கத்துலயே உட்கார்ந்து பொத்தான் தைச்சேனே. என் மூச்சு சத்தம்கூட உனக்குத் தெரியும்ல. அப்புறமும் அப்படி நினைச்சியா?"

"உன்னைக் காப்பாத்தத்தான்டி..."

"யாரை? உன் மனசுக்குள்ள ஒருத்தியைப் பண்ணி வச்சிருக்கியே, பொடி விக்கிறவ, அவளையா? அவ யாருன்னே எனக்குத் தெரியாது. அவளைக் காப்பாத்த நீ உள்ள இரு. எனக்கு அது வேண்டாம்."

"மெதுவாப் பேசு, கேக்கிறாங்க."

"கேக்கட்டும். புருஷன் பொண்டாட்டி சண்டை. தும்... வக்கீலே அனுமதி குடுத்திருக்கார்." கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? 'என்னடி பண்றே பின்கதவுல'ன்னு ஒரு வார்த்தை? ஊர் உலகத்து விஷயம் எல்லாம் பேசுவே. அதைக் கேக்க மட்டும் வாய் வரலையா?"

"நீ சொல்லியிருக்கலாம்ல!" அவனும் கத்தினான். "எதுக்கு என்கிட்ட மறைச்சே?"

அந்தக் கேள்வி சரியான இடத்தில்தான் குத்தியது. பதிலும் அவளிடம் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் கேஸைப் பேசினதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ரிசீவரைக் கொக்கியில் மாட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. அவள் திரும்ப எடுக்கவும் இல்லை.

*

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த காலையில், நீதிமன்ற வாசலில் தும்மல் வக்கீல் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"ஒரு கெட்ட சேதி. உங்க வீட்டுக்காரர் மனசு மாறிட்டார். பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டார்."

"நல்ல சேதிதானே?"

"ஏன் பொய் சொன்னார்னு நாத்தனார் சொல்லணும்ல? 'பொண்டாட்டி மேல சந்தேகம் இருந்துச்சு, அவளைக் காப்பாத்தச் சொன்னேன்.' அதுதானே காரணம்? அந்தச் சந்தேகத்தைக் கோர்ட்டுல உரக்கச் சொல்லப் போறாங்க. உங்க தலையிலதான் விடியும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நீங்க எதுவும் பேசாம உட்கார்ந்திருக்கலாம். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது."

"பேசாம இருந்தா அவர் வெளிய வருவாரா?"

"சந்தேகம்தான். பொட்டலம் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்ல ஆள் இல்லைன்னா, நீதிபதி யோசிப்பார்."

"அப்ப சொல்லிடுங்க சார், என் பேரைச் சொல்லி."

அவர் துவாலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அவர் மேல கோபமா இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"கோபம்தான். கோபத்துல வெந்துட்டு இருக்கேன். அந்த ஆளு வெளிய வந்தாத்தானே நான் சண்டை போட முடியும்? கண்ணாடிக்கு நடுவுல ஒரு சண்டையா?"

நீதிமன்ற அறை நெருக்கமாக இருந்தது. மாமியார் முன் வரிசையில் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள், மருமகள் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று. தையல்காரி சுவரோரம் நின்றாள். கணவனைக் கூண்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நாத்தனார் கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"கனம் நீதிபதி அவர்களே, பொட்டலம் கிடைத்த டப்பா என் கட்சிக்காரருடையது அல்ல. அவருடைய மனைவியுடையது. அதை அவர் தொடுவதுகூட இல்லை. மனைவி கடையின் பின்கதவில் வாடிக்கையாளர்களைத் தனியாகச் சந்தித்துப் பொருள்கள் கொடுப்பதை அவர் பல முறை பார்த்திருக்கிறார். பயந்திருக்கிறார். அந்தப் பயத்தில், மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தன்னுடையது என்று பொய் சொல்லிவிட்டார்."

அறையில் இருந்த அத்தனை தலைகளும் சுவரோரமாகத் திரும்பின. மாமியார்கூடத் திரும்பிப் பார்த்தாள், திருப்தியாக. தையல்காரியின் முகம் பற்றி எரிந்தது. கண்ணாடிக்கு நடுவில் கேட்டபோது வலித்ததைவிட, இத்தனை பேர் நடுவில், நல்ல தமிழில், நிறுத்தி நிறுத்திக் கேட்பது அதிகமாக வலித்தது.

"அக்கா!" கூண்டிலிருந்து அவன் கத்தினான். "அவளை எதுக்கு இழுக்கறே? நான் இதைச் சொல்லச் சொல்லலையே!"

"உன் வக்கீல் பேசும்போது குறுக்கே பேசாதே" என்றாள் நாத்தனார், திரும்பாமலே. அக்கா என்பதை அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தும்மல் வக்கீல் எழுந்தார். அந்த டப்பா தன் கட்சிக்காரருடையதுதான் என்றார். பொட்டலம் எந்தக் கோட்டிலிருந்து வந்தது, யார் போட்ட கோட்டு என்று வாக்குமூலம் கொடுக்க அவர் தயார், வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்தக் கோட்டின் லைனிங்கைச் சோதிக்க வேண்டும் என்றார். அதற்கு நடுவில் ஒரு தும்மல். நீதிபதி பழக்கத்தில் காத்திருந்தார்.

அரசு வக்கீல் கையை விரித்தார். "முதலில் கணவர் தியாகம். இப்போது மனைவி தியாகம். இந்தக் குடும்பத்தில் மாற்றி மாற்றித் தியாகம் செய்துகொண்டிருந்தால், நாங்கள் யாரைத்தான் பிடிப்பது?"

அறை சிரித்தது.

"இது தியாகம் இல்லைங்க" என்று சுவரோரமிருந்து குரல் வந்தது. தன் குரல்தான் என்று தையல்காரிக்கே பிறகுதான் தெரிந்தது. "அவர் பண்ணினதுதான் தியாகம். அதுல எனக்கு ஒரு பங்கும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்ல வந்திருக்கேன். அவ்வளவுதான்."

"உட்காருங்கம்மா" என்றார் நீதிபதி. உட்கார இடமில்லை என்பதைப் பார்த்து, "நில்லுங்க" என்று திருத்தினார்.

ஜாமீன் கிடைத்தது. கணவன் தலையைக் கவிழ்த்துக் கண்ணைத் துடைத்தான். மாமியார் தெய்வங்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அதன் பிறகுதான் நீதிபதி நிபந்தனைகளைப் படித்தார். கடைசி நிபந்தனை: மனைவி இப்போது வழக்கில் முக்கியமான சாட்சி. வழக்கு முடியும்வரை அவரோடு நேரிலோ, தொலைபேசியிலோ, இன்னொருவர் மூலமாகவோ பேசக் கூடாது. வேறு முகவரியில் தங்க வேண்டும்.

தையல்காரி வக்கீலின் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சார் சொல்றாரு? எவ்வளவு நாள்?"

"மாசக்கணக்குல ஆகும்மா."

"சண்டைகூடப் போடக்கூடாதா?"

"சண்டையும் பேச்சுதானேம்மா."

நீதிமன்ற வராந்தாவில் அவன் வந்தான், அம்மா ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமுமாக. தையல்காரியைப் பார்த்ததும் அவன் கால் நின்றது. வாய் திறந்தது.

"திறந்தே, திரும்ப உள்ள போவே" என்றாள் நாத்தனார்.

மூடிக்கொண்டான். முகம் மட்டும் என்னென்னவோ பேசிற்று. மன்னிப்பு, கேள்வி, கசங்கின சட்டைக்கு வெட்கம். அவள் எதையும் வாங்கிக்கொள்ளாமல் ஒதுங்கி வழி விட்டாள். மாமியார் அவனை இழுத்துக்கொண்டு போனாள். நாத்தனார் மட்டும் பின்தங்கினாள்.

"விசாரணைல உன்னைக் குறுக்குக் கேள்வி கேக்கப் போறது நான்தான்" என்றாள். "தாட்சண்யம் பார்க்க மாட்டேன். சந்தேகம் வந்துச்சா இல்லையான்னு கேப்பேன். விட மாட்டேன்."

"கேளுங்க அண்ணி."

"அழுவியா?"

"உங்க முன்னாடியா?"

நாத்தனார் கவுனைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடந்தாள். "அவங்க எது கேட்டாலும் இனிமே பதில் சொல்லாதீங்க" என்றார் தும்மல் வக்கீல். "தொழில்னு ஒண்ணு இருக்கு."

*

காவல் நிலையத்தின் அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் ஈரம் படிந்த திட்டு. அதிகாரி களைத்திருந்தார். எல்லாரும் பொய் சொல்வார்கள் என்று முடிவு செய்துவிட்ட முகம். தும்மல் வக்கீல் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கோட்டைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். பையனைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. ஒரு வீட்டுச் சண்டையை மறைக்கப் போய் அந்த வீட்டையே காட்டிக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

"முகர்ந்து பார்த்தீங்களா?"

வக்கீல் தலையசைத்தார். சொன்னாள். அந்த ஒரு நிமிஷத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அதிகாரியின் பேனா அங்கே மெதுவானது. வக்கீலின் முழங்கை மேசையில் அழுந்தியது. அவர் சொன்ன அந்த ஒரு முழ இடத்தில் அவள் இப்போது நிற்கிறாள். அந்த இடம் ஆடுவது காலுக்குத் தெரிந்தது.

"அப்ப உங்க புருஷன் சொன்னது முழுப் பொய்."

"ஆமாங்க."

"பொண்டாட்டிக்குத் தெரியாம புருஷன் இப்படி ஒரு பொய் சொல்லுவாரா? உள்ள போவோம்னு தெரிஞ்சும்? ஏன் சொன்னார்?"

தும்மல் வக்கீல் கையை உயர்த்தினார். "அதுக்கு அவங்க பதில் சொல்ல வேண்டியதில்லை."

"நான் சொல்லலை சார்" என்றாள் தையல்காரி. அதிகாரியின் கண்ணை நேராகப் பார்த்தாள். "அதை அவர்கிட்ட நானே இன்னும் கேட்டு முடிக்கல. பாதியில நிக்குது. சீக்கிரம் கேஸை முடிச்சுக் குடுங்க."